நெல்லைக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு: மணி பார்த்துச் சாப்பிடு

அன்புள்ள தம்பி,

கரூரிலிருந்து காற்றாலை வேலைக்கு வருவதாகவும், ஜங்ஷன் பக்கம் அறை எடுத்திருப்பதாகவும், ஒருநாள் ராதாபுரம், ஒருநாள் பணகுடி, ஒருநாள் கயத்தாறு என்று அலைய வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருந்தாய். மூன்று வேளையும் ஓட்டல்தான், நல்ல கடைகளின் பெயர் வேண்டும் என்றாய். ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுத்துவிடும் என்று அம்மா கவலைப்படுகிறார்களாம்.

பட்டியல் போட்டு அனுப்புவது சுலபம். ஆனால் ஊரெல்லாம் புகழும் கடையிலும் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஆறிப்போன சோறும் தண்ணீர் விட்டு நீட்டின சாம்பாரும்தான் இலைக்கு வரும். பேரே தெரியாத கடையில் பன்னிரண்டே முக்காலுக்கு உட்கார்ந்தால் ராஜ சாப்பாடு கிடைக்கும். இங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு மணி உண்டு. அது பிடிபட்டால் கடை தானாகப் பிடிபடும்.

காலையிலிருந்தே வருகிறேன். முதல் ஈடு இட்லி ஆறு, ஆறரைக்கு இறங்கும். முந்தின நாள் ஆட்டி வைத்த மாவு அப்போதுதான் பக்குவத்தில் இருக்கும். நம்மூர் வெக்கையில் ஒன்பதரைக்கு மேல் புளிப்பு ஏறிவிடும். அப்புறம் இட்லி கேட்காதே, வெங்காய ஊத்தப்பம் கேள். அதற்குக் கொஞ்சம் புளித்த மாவுதான் சரி, கல்லில் நன்றாக முறுகவும் செய்யும்.

காலைப் பலகாரத்தில் முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி. பத்து மணி வாக்கில் வாளியைப் பார்: ஓரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால், மோந்து பார்க்கும்போது லேசாகச் சளித்த வாடை வந்தால், தொடாதே. சில கடைகளில் வெந்நீர் விட்டுக் கலக்கி மறுபடி கொண்டுவருவார்கள். சூடாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே. “அண்ணாச்சி, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் குடுங்க” என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கொதிக்கிற சாம்பார் என்றால் அதுவும் சரிதான். கடைக்காரர் சின்ன வயசாக இருந்தாலும் அண்ணாச்சி என்றே கூப்பிடு. இந்த ஊரில் அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டாவது கரண்டி சாம்பார் வரும்.

தெற்கே திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் விடியற்காலையில் போனால், கோடை மாதங்களில் ரோட்டோரம் பதநீர் இருக்கும். பனையோலையைப் பட்டையாக மடித்து அதில் ஊற்றி, நுங்கும் சீவிப் போட்டுத் தருவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதால்தான் பதநீர் கள்ளாக மாறாமல் நிற்கிறது. சுண்ணாம்பு அதிகமானால் நாக்கில் கரகரப்புத் தட்டும், அடியில் வெள்ளையாகப் படியும். குறைந்தால் வெயில் ஏற ஏற நுரைத்துப் புளிக்கும். எட்டு மணிக்கு முன்னால் குடி. பத்து மணிக்குப் பிளாஸ்டிக் குடத்தில் வைத்து விற்பவரிடம் வாங்காதே. வெறும் வயிற்றில் இரண்டு பட்டைக்கு மேல் குடித்தால் காற்றாலைக் கோபுரத்தில் ஏறும்போது வயிறு பேசும்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேகால் வரை. அந்நேரம் முதல் வடிப்புச் சோறு, பொரியலும் கூட்டும் தீராமல் இருக்கும். இரண்டேகாலுக்கு மேல் பொரியல் மாறும், அப்பளம் நமத்துப்போகும், சாம்பாரில் பருப்பு அடியிலும் தண்ணீர் மேலுமாக நிற்கும். தாமதமாகப் போக நேர்ந்தால் சாம்பாரை விட்டுவிட்டுப் புளிக்குழம்பும் ரசமும் வாங்கு. புளி தாங்கும், நேரம் ஆக ஆகப் புளிக்குழம்பு நன்றாகத்தான் ஆகும். கடைசியில் மோர் மட்டும் நிதானமாகப் பார். அதிகப் புளிப்பு அடித்தால் சோற்றில் பிசையாதே.

வேலை நாளில் முழுச் சாப்பாடு வேண்டாம். அளவுச் சாப்பாடு போதும். முழுச் சாப்பாட்டில் காசு போகிறதே என்று மூன்று முறை சோறு வாங்கினால், இரண்டு மணிக்கு வெயிலில் கண் சொருகும்.

சொதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லைக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போவது குற்றம். கல்யாண மறுவீட்டுக்குப் போடுகிற குழம்பு. பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால், பச்சை மிளகாய். புளி கிடையாது, மிளகாய்த்தூளும் கிடையாது. தேங்காயை மூன்று தடவை பிழிவார்கள். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் பருப்போடு கொதிக்கும், கெட்டியான முதல் பால் கடைசியில். அதை ஊற்றினதும் ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும். இறக்கின பிறகுதான் எலுமிச்சை. இதிலிருந்து ஓட்டல்காரனுக்கு வரும் சிக்கல் புரிகிறதா? சொதியை மறுபடி சூடாக்கவே முடியாது. ஆகவே தினமும் போட மாட்டார்கள். சில சைவ ஓட்டல்களில் ஞாயிற்றுக்கிழமையோ விசேஷ நாளிலோ உண்டு. முந்தின நாளே கேட்டு வைத்துக்கொண்டு, பந்தியின் முதல் ஆளாகப் போய் உட்கார். மேலே எண்ணெய் மிதந்து, அடியில் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது திரிந்த சொதி. கூடவே இஞ்சித் துவையல் வைப்பார்கள், ஒதுக்கி வைக்காதே. இவ்வளவு தேங்காய்ப்பால் செரிக்க அதுதான் மருந்து. உருளைக்கிழங்குப் பொரியல் தொட்டுக்கொள்ள.

சாயங்காலம் நான்கு மணிக்கு டீக்கடையில் ஆமவடை, உளுந்தவடை, வாழைக்காய் பஜ்ஜி. எண்ணெயைப் பார்த்துவிட்டு வாங்கு. மாவு போட்டதும் சட்டி முழுக்க நுரை பொங்கி அடங்காமல் நின்றாலோ, எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தாலோ, டீயோடு நிறுத்திக்கொள். காலையில் மிஞ்சின வடையைச் சாயங்காலம் மறுபடி எண்ணெயில் காட்டுகிற கடையும் உண்டு. அந்த வடை மேலே கருத்து, பிட்டால் உள்ளே ஈரமே இல்லாமல் உதிரும். செய்தித்தாளில் எண்ணெய் பிழியாதே. அச்சு மை வயிற்றுக்குள் போகும், உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதைக் கூடாது என்கிறது. வாழை இலைத் துண்டு கேட்டு வாங்கு.

அல்வாவும் சாயங்காலத்துப் பண்டம்தான். டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுப்பதும், கை ஓயாமல் கிண்டுவதும், நெய்யும் காரணம் என்பது என் கட்சி. இலையில் சூடாக நூறு கிராம் வாங்கி, பின்னாலேயே ஒரு கை மிக்சர் போடு. ஊருக்குக் கொண்டுபோகும் அல்வாவைப் பிரிட்ஜில் வைக்காதே, நெய் உறைந்து கட்டியாகிவிடும்.

ராத்திரி பரோட்டா. உனக்கு அதுதான் ஆசை என்று தெரியும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை கல் முழுச் சூட்டில் இருக்கும், ஆள் கூட்டத்தில் அடுக்கு தேங்காது. கல்லிலிருந்து எடுத்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு பக்கமும் கையால் தட்டுவார்கள் பார், அப்படித் தட்டுவதில்தான் அடுக்கு பிரிகிறது. தட்டாமல் அப்படியே வைத்தால் நீராவி உள்ளேயே நின்று ரப்பர் மாதிரி இழுக்கும். பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றித்தான் சாப்பிட வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெயை விலக்கி அடியிலிருந்து ஊற்றச் சொல். பத்தரைக்கு மேல் மிஞ்சின பரோட்டா கொத்தாக மாறும். அது மோசமில்லை, கண் முன்னால் சூடாகக் கொத்துகிறார்கள். ஆனால் அதில் கலக்கும் கறி எப்போது வெந்தது என்பது உனக்குத் தெரியாது. முட்டை மட்டும் போட்டுக் கொத்தச் சொல். வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் பரோட்டா வேண்டாம், மற்ற ராத்திரிகளில் கல்தோசையோ இடியாப்பமோ போதும்.

செங்கோட்டைப் பக்கம் வேலை விழுந்தால் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளுக்குப் போகத்தான் போவாய், போ. ஆனால் குற்றாலச் சீசன் ஞாயிறு மட்டும் வேண்டாம். உனக்குக் காற்று சீசனும் அவர்களுக்கு அருவி சீசனும் ஒரே மாதங்கள்தான், இரண்டையும் கொண்டுவருவது அதே தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் கூட்டத்துக்குக் கோழி வெந்தும் வேகாமலும் தட்டுக்கு வரும். எலும்பு ஓரம் சிவப்பாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படாதே. அங்கே சீசனில் திங்கள், செவ்வாய் நல்ல நாள்.

கறிக்கும் கிழமை இருக்கிறது. ஆட்டுக்கறி ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அன்றைக்கு வெட்டின கறி என்று நம்பிச் சாப்பிடலாம். செவ்வாய், வெள்ளியில் பாதி ஊர் சைவம், புரட்டாசிச் சனி சொல்லவே வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் கூட்டம். அந்த நாட்களில் அசைவக் கடையில் சரக்கு நகராது, நேற்றுக் கறி இன்றைக்குக் குழம்பில் கிடக்கும். மேலப்பாளையத்தில் பிரியாணி நன்றாக இருக்கும். ரம்ஜான் நோன்பு மாதத்தில் பகலில் பெரும்பாலும் கடை இருக்காது, சாயங்காலத்துக்கு மேல் போ.

மீனுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் பெரிய மீன் என்று இலைக்கு வருவது பெரும்பாலும் ஐஸில் கிடந்ததோ வெளியிலிருந்து வந்ததோதான். நாட்டுப்படகுக்குத் தடையில்லை என்பதால் சாளையும் நெத்திலியும் புதிதாகக் கிடைக்கும், அதைச் சாப்பிடு. பொரித்த மீனில் மசாலா எல்லாவற்றையும் மறைத்துவிடும். குழம்பு மீனில் மறைக்க முடியாது. நல்ல மீன் முள்ளைவிட்டு இதழ் இதழாகப் பிரியும், பழைய மீன் மாவாகக் கரையும். மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி வந்தால் எழுந்துவிடு.

காற்றாலைப் பக்கம் கடை இல்லாத நாளுக்குப் பார்சல் எடுக்கிறபோது சாம்பார் சாதம் வேண்டாம். பருப்பும் காயும் மூடின சூட்டில் நாலு மணி நேரத்தில் ஊசிவிடும். புளியோதரை எடு, புளியும் நல்லெண்ணெயும் சாயங்காலம் வரை காப்பாற்றும். எலுமிச்சைச் சாதமும் பரவாயில்லை, கூட வைக்கும் தேங்காய்த் துவையலை மட்டும் கடையிலேயே விட்டுவிடு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றும் சின்னத் தூக்குவாளி ஒன்றும் வாங்கி வை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தடைதான், ஆனாலும் கொதிக்கிற சால்னாவைப் பையில் கட்டிக் கொடுக்கிற கடை இன்னும் இருக்கிறது.

நான்குவழிச்சாலையில் பஸ் நிற்கும் மோட்டல்களில் டீயும் பிஸ்கட்டும் தவிர எதுவும் தொடாதே. அங்கே சாப்பிட்டவன் மறுநாள் வரப்போவதில்லை, அது கடைக்காரனுக்கும் தெரியும். லாரி டிரைவர்கள் நிறுத்துகிற கடையும், பாளையங்கோட்டையில் கல்லூரிகளைச் சுற்றி இருக்கும் மெஸ்களும் நேர் எதிர். அதே முகங்கள் தினமும் வருவதால் தப்புச் செய்ய முடியாது. மெஸ்ஸில் சேர்ந்தால் மாதத்துக்கு மொத்தமாகக் கட்டாதே, வாரக்கணக்கில் கொடு. வெளியூர் வேலை விழுகிற நாளை முந்தின ராத்திரியே சொன்னால் அந்த நாள் காசைக் கழிப்பார்களா என்று சேரும்போதே பேசிக்கொள்.

ஆபீசுக்குப் பில் காட்ட வேண்டும் என்றாய். சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விற்பனையில் சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் தொகுப்பு வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சின்னக் கடை உன்னிடம் தனியாக வரி வாங்கவே கூடாது, பில்லிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். அந்தப் பில்லில் வரி இல்லையே என்று கணக்குப் பிரிவில் திருப்பினால் இதைச் சொல். 2022 ஜனவரியிலிருந்து உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். அது இல்லாத கடை ருசியாக இருக்கலாம், வயிற்றுக்கு ஏதாவது ஆனால் புகார் கொடுக்கப் பிடிமானம் இருக்காது.

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் வயிறு போகத்தான் செய்யும். பையில் ஓஆர்எஸ் பொட்டலம் வைத்திரு. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதியைத் தம்ளரில் போடுவது தப்பு. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து. காய்ச்சல் வந்தால், ரத்தம் தெரிந்தால், குடித்த தண்ணீர் தங்காவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடு. ஓட்டலில் குடிக்கும்போது “சுடுதண்ணி” என்று கேள், கொண்டுவந்தால் ஆவி பறக்கிறதா பார். வெதுவெதுப்பாக இருந்தால் அது குழாய்த் தண்ணீரில் வெந்நீர் கலந்தது.

கடைசியாக, கடை இல்லாத நாட்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அடைப்பார்கள் என்பது உனக்கே தெரியும். பங்குனி உத்திரம் உனக்குப் புதுசாக இருக்கும். அன்றைக்கு இந்தப் பக்கம் எல்லாரும் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். சமையல்காரரும் சப்ளையரும் அதில் சேர்த்தி, திறந்திருக்கும் கடையிலும் பாதிப் பண்டம் இருக்காது. முந்தின நாளே ஒரு படி அவல், கொஞ்சம் கருப்பட்டி, ஒரு சீப்பு கோழிக்கூடு வாழைப்பழம் வாங்கி அறையில் வை. பழம் முழுதும் பழுத்ததாக வாங்காதே. கோழிக்கூடு ஒரே நாளில் காம்பை விட்டு உதிர்ந்துவிடும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை அண்ணன்