காங்கேசன்துறைக்கு ஒரு திகதி தாருங்கள்

துறைமுகங்களுக்குப் பொறுப்பான கௌரவ அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் உயர் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

அண்மையில் வடக்கின் அபிவிருத்தி குறித்த கலந்துரையாடல் ஒன்றுக்கு, வணிகர்கள் என்ற பெயரில் எங்களில் சிலரையும் அழைத்திருந்தார்கள். காங்கேசன்துறைத் துறைமுகம் பற்றிய பேச்சு எழுந்தபோது, மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்த கனவான் ஒருவர் புன்னகையோடு கேட்டார்: "துறைமுகம் சரி, சரக்கு எங்கே இருக்கிறது?" மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு தேநீர் வந்தது. பேச்சு வேறு விடயத்துக்குப் போய்விட்டது. அங்கே சொல்ல இடம் கிடைக்காத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துறைமுகத்தின் வரலாறு தங்கள் கோப்புகளில் இருக்கிறது. அதை முழுவதுமாகத் திருப்பிச் சொல்லித் தங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நாங்கள் கேட்பது இதுதான்: காங்கேசன்துறையில் வணிகச் சரக்கு ஏறி இறங்க ஓர் இறங்குதுறை வேண்டும், அதைப் பரிசோதித்து விடுவிக்கும் அலுவலர்கள் அங்கேயே இருக்க வேண்டும், வேலை எப்போது தொடங்கும் என்று ஒரு திகதி எழுத்தில் வேண்டும்.

நான் வலிகாமம் வடக்கில் சிறிய அரைக்கும் ஆலை ஒன்றை நடத்துபவன். சென்ற ஆண்டு நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கிய வேளையில் இயந்திரத்தின் உட்சக்கரம் வெடித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் திரும்பும்போது கொண்டுபோவதற்கென்று மிளகாய்த்தூளுக்குச் சொல்லி வைக்கும் காலம் அது. மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து ஆறவைத்தாயிற்று. வறுத்த மல்லி காத்திருக்காது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நமத்துவிடும். அதன் பிறகு அரைத்தாலும் தூளில் வாசம் நிற்காது. உள்ளூர்ப் பட்டறையில் சக்கரத்தை ஒட்டிப் பார்த்தோம். ஓடத் தொடங்கியதும் அதே இடத்தில் மறுபடி விட்டது.

புதிய சக்கரத்தை வார்த்துத் தருபவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். தொலைபேசியில் பேசியபோது, உடனே நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 60 கடல் மைல், கிலோமீற்றரில் சொன்னால் சுமார் 110. கப்பலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது பயணிகள் கப்பல். பயணியின் பையில் சேலை வரலாம், இனிப்புப் பெட்டி வரலாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் இரும்புச் சக்கரம் வர முடியாது. ஆகவே எங்கள் சக்கரம் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு வந்து, யாரோ ஒருவருடைய கொள்கலனின் அடியில் கிடந்தது. ஒரு தாளில் உரிமையாளரின் பெயரும் இன்னொரு தாளில் ஆலையின் பெயரும் இருப்பதால் நேரில் வர வேண்டும் என்றார்கள். போனேன். இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். அதற்குள் களஞ்சியக் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு 400 கிலோமீற்றர் லொறிப் பயணம்.

சக்கரம் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது நல்லூரில் தேரும் தீர்த்தமும் முடிந்து, தூளுக்குச் சொல்லி வைத்தவர்கள் விமானம் ஏறியிருந்தார்கள். களஞ்சியக் கட்டணம், முகவர் கூலி, லொறிக் கூலி மூன்றும் சேர்ந்து சக்கரத்தின் விலையைத் தாண்டிவிட்டன. என் நட்டத்தை நான் எப்படியாவது ஈடுகட்டிக்கொள்வேன். எங்களிடம் வறுக்க வரும் பெண்கள் நாட்கூலிக்காரர்கள். அரைக்க வழியில்லாத ஆலையில் வறுப்பதற்கும் வேலையில்லை. அவர்களில் ஒருவர் பிள்ளையின் ரியூசன் காசுக்கு முற்பணம் கேட்டு வந்து, ஓடாத இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனார். அந்தக் கனவான் தேடிய சரக்கு அப்போது கொழும்பில் களஞ்சியக் கட்டணத்தைத் தின்றுகொண்டிருந்தது.

இது ஓர் ஆலையின் கதை மட்டுமல்ல. சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் விற்கும் இந்தியப் பொருட்களின் பின்பக்கத்தை யாராவது ஆராய்ந்தால், அவை யாழ்ப்பாணத்துக் கடலுக்கு எதிரே புறப்பட்டுக் கொழும்பு வழியாக வந்தவை என்பது தெரியும். இங்கிருந்து வெளியே போகும் தூளும் ஒடியலும் கருவாடும் நண்டும் அதே 400 கிலோமீற்றரைத் தெற்கு நோக்கி ஓடுகின்றன. இவை எல்லாம் சரக்கு இல்லையா? கணக்கு கொழும்பில் எழுதப்படுவதால் காங்கேசன்துறைக்குச் சரக்கில்லை என்று முடிவு செய்வது, இலை போடாமலே சாப்பிட ஆளில்லை என்று சொல்வதற்குச் சமம்.

முன்பு சரக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காக இந்தத் துறைமுகம் இயங்கியது. காலியில் சீமெந்து அரைப்பதற்கான கிளிங்கர் கல் இங்கிருந்துதான் கப்பலில் போனது. 1990 இல் தொழிற்சாலை நின்றது. சுற்றியிருந்த ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2006 இல், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டு மக்களுக்கு அரிசியும் மாவும் வந்தது காங்கேசன்துறையிலும் பருத்தித்துறையிலும் இறங்கிய கப்பல்களில்தான். போர்க்காலத்தில் எங்கள் உயிரைப் பிடித்து வைத்த துறைமுகம், சமாதான காலத்தில் வணிகத்துக்கு உதவாது என்றால் எங்களுக்கு விளங்கவில்லை.

பணமில்லை என்ற பதிலையும் ஏற்க முடியவில்லை. கடலுக்குள் கிடந்த கப்பல் சிதைவுகளை இந்தியா தன் செலவில் 2012 அளவில் அகற்றிக் கொடுத்தது. 2018 ஜனவரியில், இந்தத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியாவின் 45.27 மில்லியன் டொலர் கடனுதவிக்குக் கையொப்பமிடப்பட்டது. பேசிப் பேசியே செலவு 61.5 மில்லியனாக உயர்ந்து, 2024 இல் அதை முழு மானியமாகவே தர இந்தியா இணங்கியது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணத்தைச் செலவழிப்பதற்குக்கூட இவ்வளவு யோசனை வேண்டியிருக்கிறது. அம்பாந்தோட்டைக்கு இந்த யோசனை நடந்திருந்தால் நாட்டுக்கு எவ்வளவு நன்மையாக இருந்திருக்கும்! கடன் வாங்கிக் கட்டி, 2010 இல் திறந்து, 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தோம். அங்கே துறைமுகம் கட்டுவதற்கு முன் "சரக்கு எங்கே" என்று யாரும் சிரித்துக்கொண்டு கேட்டதாக நான் அறியவில்லை. அரசியல்வாதிகள் அடிக்கல் நாட்டுவதற்கென்றே வடக்குக்கு வருகிறார்கள் என்று என் அயலவர் ஒருவர் சொல்வார். இங்கே அடிக்கல்லுக்கு ஒருபோதும் தட்டுப்பாடு இருந்ததில்லை.

கடத்தல் பெருகும் என்றொரு கவலையும் அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்டது. கேரளக் கஞ்சா பிடிபட்ட செய்தி யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் வராத மாதம் அருமை. அவை எந்த இறங்குதுறையில் இறங்கின? கடத்தல்காரனுக்கு இரவும் மணற்கரையும் போதும். இறங்குதுறையும் சுங்க அலுவலரும் முத்திரை குத்திய தாளும் தேவைப்படுவது தீர்வை கட்ட விரும்புகிறவனுக்குத்தான்.

கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, பொறுத்தருள வேண்டும். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

அலைதடுப்புச் சுவரைத் திருத்துவதும் துறைமுகத்தை ஆழப்படுத்துவதும் மானியத் திட்டத்தில் வர வேண்டிய வேலைகள். அவற்றுக்குத் தொடக்கத் திகதி வேண்டும். 2023 ஒக்டோபர் 14 இல் ஆரவாரத்தோடு தொடங்கிய பயணிகள் கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில்தான் மீண்டும் ஓடியது என்பது தங்களுக்குத் தெரியும். வாடைக் காற்று எழுந்தால் இன்றும் சேவை தடுமாறுகிறது. ஆண்டில் சில மாதம் நம்ப முடியாத துறைமுகத்தை எந்த வணிகன் நம்பிக் கொள்முதல் செய்வான்?

ஆனால் அந்தப் பெரிய வேலை முடியும்வரை எல்லாவற்றையும் தள்ளிப்போடத் தேவையில்லை. சிறிய சரக்குக் கப்பல்களுக்கு ஓர் இறங்குதுறையை இப்போதே ஒதுக்கலாம். சுங்கம், தாவரத் தொற்றுத்தடுப்பு, உணவுப் பரிசோதனை ஆகிய மூன்றுக்கும் அலுவலர்களை அங்கேயே நிரந்தரமாக அமர்த்தலாம். கொழும்பிலிருந்து அழைத்தால் வருவோம் என்ற ஏற்பாடு வேண்டாம். கொழும்பு, திருகோணமலை, காங்கேசன்துறை என்று கரையோரச் சரக்குக் கப்பல் ஒன்றை ஓடவிடுவதையும் ஆராயலாம். ரயில் 2015 இல் காங்கேசன்துறைக்குத் திரும்பி வந்துவிட்டது. நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நடக்கும் தூரம்தான்.

காணி விடயத்தில் ஒரு வேண்டுகோள். துறைமுகத்தின் பெயரால் மக்களின் காணியில் புதிதாகக் கை வைக்க வேண்டாம். அந்தக் கரையில் கடற்படைக்கு இடமிருக்கிறது, இராணுவத்தின் உல்லாச விடுதிக்கும் இடமிருக்கிறது. சரக்கு வைக்க ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் இடம் தேடி, மீள்குடியேறக் காத்திருப்பவனின் வளவுக்குள் வருவது நியாயமாகாது. ஆழப்படுத்தும் வேலைக்கு முன்னர் அயலிலுள்ள கடற்றொழிலாளர் சங்கங்களோடும் பேசுங்கள். வலை போடும் இடம் அவர்களுக்குத்தான் தெரியும்.

துறைமுக முன்னுரிமைகளை வகுக்கும்போது காங்கேசன்துறையைக் கடைசிப் பக்கத்தில் "ஏனையவை" என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடாமல், இறங்குதுறைக்கும் அலுவலர்களுக்கும் ஒரு திகதி குறித்து, அதை எங்கள் வணிகர் சங்கங்களுக்குத் தமிழில் எழுத்து மூலம் அறியத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் நேரில் வந்து பார்க்க விரும்பினால் தயவுசெய்து பங்குனியில் வர வேண்டாம். அப்போது கடல் குளம் மாதிரிக் கிடக்கும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். கார்த்திகையில் வாருங்கள். மேசையின் மறுபக்கத்தில் இருந்த அந்தக் கனவானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஆலை உரிமையாளர் ஒருவர்