பயிற்சித்தாளை ஓரம் வைத்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள், வீட்டில் பாதி ஆங்கிலம்தான், ஒளிப்பானேன். 'பழம்' என்று இருபது முறை எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள், மறுநாள் வாயில் மறுபடியும் 'பளம்'தான். இந்த ஆண்டு வந்த ஆசிரியை தாளை ஓரம் வைத்துவிட்டு, தேக்கா சந்தையில் வாழைப்பழமும் வெள்ளரிக்காயும் பேரம் பேசி வாங்குவதுபோல் நடிக்கவிட்டார். அப்புறம்தான் நாக்கு மடிந்தது.

2024 முதல் உயர்நிலை ஒன்றில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் போய், பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள் வந்துவிட்டன, ஜி3தான் அதில் கடினமானது. சரி, ஒரே ஜி3 வகுப்பிலேயே பாட்டியோடு தினமும் தமிழ் பேசும் பிள்ளைக்கும், தமிழே காதில் விழாத பிள்ளைக்கும் ஒரே பயிற்சித்தாளா? ஆசிரியர்களுக்கு நேரமில்லை, தெரியும். வாரம் ஒரு பாடவேளையாவது பேசவிடுங்கள்.

ஒரு தாய், ஈசூன்