டிசி மீட்டிங்கில் ஒரு கேள்வி

அன்புள்ள கலா,

நலம்தானே? பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? குறட்டைக்குப் பேர்போன நம் ஜெனரேட்டருக்குக் கல்யாணம், பத்திரிகை வந்திருக்குமே. மாப்பிள்ளையின் தூக்கம் இனி அவர் பொறுப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எனக்கு டிசி மீட்டிங், அதான் என் பிஎச்டி ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் டாக்டரல் கமிட்டி. ரேஷன் கடை விற்பனையாளர்கள் விரல்ரேகை வைத்துப் பதிவு செய்யும் பிஓஎஸ் கருவியை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. 1989-இல் ஃபிரெட் டேவிஸ் எழுதிய மாடல்தான் அஸ்திவாரம்: கருவி பயனுள்ளது, சுலபமானது என்று தோன்றினால் பயன்படுத்தும் எண்ணம் வரும். 300-க்கு மேல் படிவம், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரான்பாக் ஆல்பா எல்லாம் தேவையான 0.7-ஐத் தாண்டியாச்சு. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கருவி வேண்டாம் என்று சொல்ல இவர்களுக்கு வழி உண்டா?" என்றார். அவ்வளவுதான்.

கருவியில் பதியாமல் அரிசி போட முடியாது. அப்புறம் "தொடர்ந்து பயன்படுத்த எண்ணியுள்ளேன்" என்ற வரிக்கு ஐந்துக்கு 5 போடாமல் என்ன போடுவார்கள்? கைடு சமாளித்தார்: "2003-இல் வெங்கடேஷ் குழு கொண்டுவந்த மாடலில் சொந்த விருப்பமா கட்டாயமா என்பதும் ஒரு மாறி (வேரியபிள்), அதைச் சேர்த்துவிடலாம்." எல்லாருக்குமே கட்டாயம் என்றால் அதைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது, சொல்லு.

மறுநாள் படிவம் எதுவும் எடுக்காமல் எங்கள் தெருக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டிக்கு ரேகை விழவில்லை. கடை அக்கா விரலைத் துணியால் துடைத்தார், வேறு விரல் வைக்கச் சொன்னார், சிக்னல் தேடிக் கருவியோடு வாசல்வரை போய் வந்தார். அடுத்து நின்றவரிடம், "உனக்கு இடது கை நடுவிரல்தானே, வை" என்கிறார்! யாருக்கு எந்த விரல் விழும் என்று அந்த அக்காவுக்கு மனப்பாடம். என் படிவத்தில் "சுலபம்" என்பதற்கு 5 போட்டதாக அவரே சொன்னார். ஏன் என்றால், "ஆபீசருங்க பார்ப்பாங்கன்னு நினைச்சேன்."

கலா, எனக்கு இதைத்தான் எழுத வேண்டும். சில கடைகள் போதும், மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, பேசி எழுத வேண்டும். லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருள் வந்தபோது ஓர் அலுவலகத்துக்குள் என்ன நடந்தது என்று 1992-இல் ஆர்லிகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இப்படித்தான் எழுதினார். கைடோ, "முதலில் முடி, அப்புறம் புரட்சி பண்ணு" என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. யுஜிசி விதிப்படி 6 வருடம், ஃபெல்லோஷிப் அதற்கு முன்பே நின்றுவிடும். அம்மா வேறு "இன்னுமா படிக்கிற?" என்கிறாள். ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லாத மாடல் படத்து அம்புக்குறிகளை வைத்துக்கொண்டு கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவில் எப்படி வாய் திறப்பேன்? ராத்திரி தூக்கமே வருவதில்லை.

நீ மென்பொருள் செய்கிறவள். ரேகை விழாவிட்டால் அடுத்து என்ன என்பதை உங்கள் பக்கத்தில் யார் முடிவு செய்கிறார்கள்? கவுன்ட்டரில் நிற்கும் ஆளை யாராவது கேட்பதுண்டா? பேட்டிக் கேள்விகளை இத்துடன் வைத்திருக்கிறேன், அசட்டுத்தனமாக இருப்பதை அடித்துவிடு. திங்கள்கிழமை கைடைப் பார்க்கிறேன், அதற்குள் கூப்பிடு. மெசேஜில் கட்டைவிரல் மட்டும் அனுப்பினால் நேரில் வந்து உதைப்பேன்.

உன்,
வசந்தி