ஹைடெக் லேபில் தறிப் பஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைக்குப் பின் அரசு மேல்நிலைப் பள்ளி ஹைடெக் லேபில் சில கணினிகள் மக்கர் செய்வது வாடிக்கை. 'பழுது' என்று எழுதி ஒட்டுமுன் சிலவற்றைப் பார்க்கலாம்.

கணினி பழைய வருடத்தைக் காட்டினால், மதர்போர்டிலுள்ள (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகை) 3 வோல்ட் சிஆர் 2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துவராது, அவை திறக்காது. பழி என்னவோ பிராட்பேண்டுக்கு!

யுபிஎஸ்ஸின் லெட் ஆசிட் பேட்டரி சார்ஜின்றி மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். விடுமுறையிலும் வாரம் ஒருநாள் சார்ஜ் போட வேண்டும். தண்ணீர் ஊற்றும் டியூபுலர் ரக பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே; நம்மூர் போர்த் தண்ணீர் ஆகவே ஆகாது.

பல்லடம், சோமனூர் பக்கம் பெரிய எதிரி, விசைத்தறிகளிலிருந்து பறந்துவரும் தறிப் பஞ்சு. பிராசசரின் சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்கில் மெத்தைபோல் அடைத்துக்கொள்வதால் பிராசசர் சூடேறி, கணினி தானே அணைகிறது. 3 மாதத்துக்கு ஒருமுறை, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ப்ளோயரால் ஊத வேண்டும். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடிக்காவிட்டால் பேரிங் போய்விடும்.

லேப் பூட்டியிருந்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பைத்தான் என்ற கணினி மொழி நிரலை மனப்பாடம்தான் செய்வார்கள். வரித் தொடக்கத்தில் இடைவெளி பிசகினால் நிரல் ஓடாது என்பது நோட்டில் எழுதும்போது தெரியாது. மதிய இடைவேளையில் அரைமணி நேரமாவது லேபைத் திறந்துவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டோடு லேப் பராமரிப்புப் பதிவேட்டையும் வைக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்க வேண்டும்.

- கணினி ஆசிரியர்கள் சிலர், பல்லடம்