அவோராக்கியைப் பார்த்தேன்

கிறைஸ்ட்சர்ச்,
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

மகள் வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. பேரனுக்கு லீவு விட்டதும் எல்லோருமாகக் காரில் மலைப்பக்கம் போய்வந்தோம். எந்த மலை தெரியுமா? எட்டாம் வகுப்பில் அட்லாஸை விரித்து வைத்து ஊர் தேடி விளையாடுவோமே, அதில் நீ ஒருநாள் ‘மவுண்ட் குக்’ என்றாய். நானும் மணி அடிக்கும்வரை தேடினேன், கிடைக்கவில்லை. அதே மலைதான். 3,724 மீட்டர், நியூசிலாந்திலேயே உயரமானது.

முதல் நாள் முழுக்க மேகமூட்டம். மறுநாள் விடியுமுன் மகள் எழுப்பினாள். கீழே இருட்டு, உச்சிப் பனியில் மட்டும் வெயில். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. 1770-ல் இந்தத் தென்தீவைக் கப்பலில் சுற்றிப்போன ஆங்கிலேயர் ஜேம்ஸ் குக், இந்த மலையைப் பார்க்கவே இல்லை. கடற்கரையை அளக்க வந்த ஸ்டோக்ஸ் என்ற கப்பல் தலைவர் 1851-ல் குக்கின் பெயரை வைத்தார். இங்குள்ள மாவோரிப் பூர்வகுடிகளான நை தாஹு மக்களுக்கோ இது என்றைக்குமே அவோராக்கி, வான்தந்தையின் மகன். தம்பிகளோடு படகில் இறங்கி வந்தான். திரும்பும்போது படகு தரைதட்டிச் சாய்ந்தது. மேலே தூக்கி நின்ற பக்கத்தில் ஏறி நின்றவர்கள் தென்காற்றின் குளிரில் கல்லாகி இந்த மலைகளாகிவிட்டார்கள். அந்தப் படகுதான் தென்தீவாம். முன்னோரின் தலைமேல் கால் வைக்கலாமா? அதனால்தான், மலையேறுகிறவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள். 1998-ல் சட்டப்படி ‘அவோராக்கி / மவுண்ட் குக்’ ஆயிற்று. குக் பெரிய மாலுமிதான். ஆனாலும் எனக்கு அந்த முதல் பெயரே போதும்.

அப்புறம், பக்கத்திலுள்ள டாஸ்மன் பனியாறு. அதன் முகப்பில் பெரிய ஏரி. பாறைத்தூள் கலந்து அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. நாம் அட்லாஸ் பார்த்த 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஏரியே கிடையாது. பனி உருகி உருகிக் குட்டைகளாகி, அவை சேர்ந்து இன்று பல கிலோமீட்டர் நீளம். நம் ஆயுசுக்குள் நடந்தது இது. பேரன் மிதக்கும் பனிக்கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். எனக்குத் தொண்டை அடைத்தது.

சரி, உன் முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா? அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிடுவேன். நான் வந்தபிறகு வைத்துக்கொள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்