அப்பத்தா மெலிவதற்குக் காரணம் வயசு மட்டும் அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வீடியோ காலில் அப்பத்தாவைப் பார்த்துவிட்டு "வயசாயிருச்சுல்லம்மா, மெலியத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பக்கத்திலேயே அப்பத்தா இருப்பார், சங்கடப்படுவார்.

வயசானால் தோல் சுருங்கும், சதையும் கொஞ்சம் வற்றும், சரி. ஆனால் ஒரே வருடத்தில் ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவுகிறது, வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது, தரையில் உட்கார்ந்தால் இரண்டு கையையும் ஊன்றாமல் எழ முடியவில்லை. இதை எல்லாம் வயசின் கணக்கில் எழுதிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. இஞ்ச் டேப்பை எடுத்து அவர் ஆடுசதையைச் சுற்றி அளந்து பார்த்தேன், 28 சென்டிமீட்டர். முதியவர்களுக்குச் சத்துக்குறைவு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் 31-க்குக் கீழே போனால் கவனிக்கச் சொல்கிறார்கள். கூன் விழுந்தவர்களுக்கு உயரத்தைச் சரியாக அளக்க முடியாது, அதனால் அவர்களுக்கு இந்த அளவு ரொம்ப உதவி.

போன மாதம் செக்கானூரணிப் பக்கத்திலிருந்து மதுரை வீட்டுக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து அவர் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் டீயும் பன்னும், பன்னை முக்கி முக்கிச் சாப்பிட்டால் அதோடு சரி. மதியம் குழைந்த சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து நாலு வாய். ராத்திரி இரண்டு இட்லி, அதையும் தண்ணியான சாம்பாரில் ஊறப்போட்டு. கறி எடுத்தால் சாறு மட்டும் அவருக்கு, துண்டெல்லாம் என் தட்டுக்கு வந்துவிடும். வயிறு நிறைந்துவிடுவதால் பசி என்றே சொல்ல மாட்டார். பிள்ளைகளுக்கு இத்தனை கிராம் பருப்பு, வாரத்துக்கு ஐந்து முட்டை என்று சத்துணவு மையத்தில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவள் நான், அந்தப் பழக்கத்தில் இதற்கும் கணக்குப் போட்டேன். அவர் எடை 42 கிலோ. வயசானவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமாவது, முடிந்தால் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள், அப்படியென்றால் ஒரு நாளைக்கு 42 முதல் 50 கிராம். இவர் தட்டில் இருபதைத் தாண்டுவதே கஷ்டம்.

நீ அனுப்பிய சத்து பானம் டப்பாவின் பின்னால் எழுதியிருப்பதைப் படித்தாயா? நூறு கிராமுக்கு 11 கிராம் புரதம், மிச்சத்தில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும். ஒரு டம்ளருக்குப் போடுகிற இரண்டு ஸ்பூனில் மூன்று கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. உன் பாசத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தக் காசு போகிற இடம் சரியில்லை.

முதல் பிரச்சனை பல். நாலு வருடத்துக்கு முன்னால் கட்டிய பல் செட்டைத் துணியில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்திருக்கிறார். கீழ்ச் செட் ஈறில் உரசிப் புண்ணாகிறதாம். பல் போன இடத்தில் ஈறும் எலும்பும் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும், அதனால் செட் லூசாகும், மறுபடி அளவு எடுத்து உள்பக்கம் சரிசெய்ய வேண்டும். கட்டிக்கொடுத்த இடத்தில் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெல்ல முடியாதவருக்கு மொச்சையும் சுண்டலும் கறியும் இருந்து என்ன செய்ய?

அடுத்தது சுகர். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், குறைத்தார், நல்லதுதான். குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு, பழம் ஆகாது, கிழங்கு ஆகாது, பால் சளி, பருப்பு வாயு, முட்டை சூடு என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்துவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது டீயும் ரசமும். கால் மரத்துப்போகிறது என்று சொன்னதையும் சுகர் என்றே தள்ளிவிட்டிருக்கிறார்கள். பி12 என்கிற வைட்டமின் குறைந்தாலும் கால் மரத்துப்போகும், அதனால் அதைப் பார்க்கச் சொன்னேன், குறைவாக இருந்தது. சுகருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் போட்டால் பி12 குறையலாம், வயசானால் வயிற்றில் அமிலம் குறைவதால் உணவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதும் குறையும். பாலும் முட்டையும் மீனும் சாப்பிடாதவருக்கு அது எங்கிருந்து வரும்? இப்போது ஊசி போடுகிறோம்.

இதெல்லாம் மருந்துக்குக் கேட்கும். கேட்காத ஒன்று இருக்கிறது. அப்பத்தா காலமெல்லாம் எல்லோருக்கும் போட்டுவிட்டு அடிச்சட்டியில் இருந்ததைத் தின்றவர். முட்டை அவித்தால் முதலில் உன் தாத்தாவுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு, அப்புறம் உனக்கு. இன்றைக்கும் தட்டில் முட்டையை வைத்தால் "தம்பி வந்தா குடு" என்கிறார். நீ இருப்பது மஸ்கட்டில்! பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டால் மட்டும் பேச்சுவாக்கில் முழுசாகச் சாப்பிட்டுவிடுகிறார். ஊரில் தனியாக இருந்தபோது யார் உட்கார்ந்திருப்பார்கள்? ராத்திரி ஒன்றுக்குப் போக எழ வேண்டுமே என்று பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக்கூட நிறுத்திவிடுவாராம், இந்த வெயிலில்.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. லாசி என்று 2017-18-இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில் 60 வயசுக்கு மேற்பட்டவர்களில் 27 சதவீதம் பேர் எடை குறைவு என்று வந்தது. ஊரில் அடுத்த வீட்டு ஆச்சியின் பிள்ளைகள் திருப்பூரில். அவருக்கு முதியோர் பணம் 1200 ரூபாய், ரேஷனில் அரிசி இலவசம், அதனால் சோற்றுக்குக் குறைவில்லை, ஆனால் சோறு மட்டும்தான். முதியோர் பணம் வாங்குகிறவர்களுக்குச் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு உண்டு, பலருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களும் பேரப்பிள்ளைகளோடு தட்டை ஏந்தி நிற்பதா என்று கூச்சப்பட்டு வர மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவை 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கினார்கள். தனியாக இருக்கிற முதியவர்களுக்கும் வீடு தேடி ஒரு வேளை போக வேண்டும் என்பது என் ஆசை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், பெரிய விஷயம், அதோடு எடையையும் பார்த்து எழுதி வைத்தால் இந்த மெலிவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இப்போது காலையில் பாலில் காய்ச்சிய கேப்பைக் கூழ் கொடுக்கிறேன், பன்னை நிறுத்திவிட்டேன். மதியம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து முருங்கைக்கீரையோடு கடைந்து ரசத்துக்கு முன்னால் போடுகிறேன். முட்டையை உதிர்த்துச் சோற்றோடு பிசைந்துவிடுவேன், ஒதுக்க முடியாது. ராத்திரி இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி, மையாக அரைத்து. நெத்திலிக் கருவாட்டை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ஆனால் பிரஷர் இருப்பதால் எப்போதாவதுதான். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறேன், கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும். சாயங்காலம் மொட்டை மாடியில் கைபிடித்து நடக்கிறோம், சதை கூட வேண்டும் என்றால் சாப்பாட்டோடு நடையும் வேண்டும்.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் ஊருக்குப் போயே தீருவேன் என்கிறார். போகட்டும், அவர் வீடு, அவர் தெரு. ஆச்சியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி மதியம் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்துக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்தே சாப்பிடுவார்கள். டப்பாவுக்குச் செலவழிக்கிற பணத்தை மாதா மாதம் அவளுக்கு அனுப்பிவிடு, ஆச்சிக்கும் சேர்த்து. தினம் ஒரு முட்டை என்றால் ஆளுக்கு மாதம் இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். பல் செட்டை நான் ஊருக்கு அனுப்பும் முன் சரிசெய்துவிடுகிறேன், அதற்கும் கொஞ்சம் போடு.

அப்புறம், போனில் "சாப்டீங்களா" என்று கேட்காதே. "சாப்ட்டேன்யா" என்றுதான் பதில் வரும், டீயும் பன்னும் தின்றிருந்தாலும் அதே பதில்தான். "சோத்துக்கு என்ன அப்பத்தா, முட்டை சாப்டீங்களா" என்று கேள். பேரன் கேட்பானே என்பதற்காகவாவது சாப்பிடுவார். கிட்னிக்காக எடுத்த அவருடைய கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். கிட்னி சரியாக இருந்தால்தான் பருப்பையும் முட்டையையும் இந்த அளவுக்குக் கூட்டலாம், உன் டாக்டர் சிநேகிதனிடம் காட்டிக் கேட்டு இந்த வாரத்துக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா