இங்கிலாந்தின் பிளிமத்தில் டீ ஊற்றும் ஜெயமணிக்கு

ஆயர் தாவார், மலேசியா,
19.5.2024

அன்புள்ள ஜெயமணி,

உன் கிறிஸ்துமஸ் கடிதத்துக்கு மே மாதம் பதில் எழுதுகிறேன், நன்றாகத் திட்டிக்கொள். ஐந்து மாதமாக அது என் பைபிளுக்குள்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கையில் தட்டுப்படும், மனசு உறுத்தும், மறுபடி மூடி வைத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் பத்து வரிக்கு மேல் போனால் நீ கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். இது பத்து வரியில் அடங்கும் விஷயம் இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முட்டி வலி, அவருக்குச் சர்க்கரை, இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. தோட்டத்து ஸ்டோர் கிராணி (கணக்கர்) மகன் மறுபடியும் கார் மாற்றிவிட்டான், கலர் மட்டும் அதே பச்சை. மூணாம் நம்பர் லயம் இருந்த இடத்தில் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். குழாயடிச் சிமெண்டுத் திட்டு மட்டும் அப்படியே கிடக்கிறது. நீயும் நானும் வாளிக்குச் சண்டை போட்ட இடத்தில் இப்போது ஒரு ஆடு படுத்திருக்கிறது. ஊர்ச் செய்தி போதும்.

ஏப்ரல் 23 அன்று நீ செய்தி பார்த்துவிட்டு, "செல்வி வீட்டுக்காரர் நலமா?" என்று கேட்டிருந்தாய். நான் "நலம்" என்று ஒரே ஒரு சொல் அனுப்பினேன். அன்றைக்கு அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

லூமுட் தளத்தில் மலேசியக் கடற்படையின் 90ஆம் ஆண்டு அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. காலை ஒன்பதரை மணிக்கு இரண்டு ஹெலிகாப்டர்கள் வானத்திலேயே மோதி விழுந்தன. இரண்டிலும் சேர்த்துப் பத்துப் பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நம் மாப்பிள்ளை கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை செய்கிறவர், ஹெலிகாப்டருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவரும் ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தார். விழுந்தது எங்கே, கீழே யார் நின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்? செல்வி போனில் அழவில்லை. "அம்மா, வர்றியா?" என்றாள். அவ்வளவுதான்.

ஸ்ரீ மஞ்சோங்கில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம்? அரைமணி நேரம். அன்றைக்கு அந்தச் சாலை முடியவே இல்லை. நான் உள்ளே போனபோது கூடத்தில் கண்ணாடி மேசைமேல் இரண்டு கைப்பேசிகள் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டிலும் சார்ஜர் செருகியிருந்தது, திரை மேலே பார்த்தபடி. ஒன்று செல்வியுடையது. இன்னொன்று பக்கத்து வீட்டு மலாய்க்காரர் காக் (அக்கா) ரொஹானாவுடையது. அவர் வீட்டுக்காரரும் காலையிலேயே ஒத்திகைக்குப் போனவர். திரை ஒளிரும்போதெல்லாம் இரண்டு பேரும் குனிவார்கள். யாரோ ஒருவர் அந்த ஹெலிகாப்டர் வீடியோவை மறுபடியும் அனுப்பியிருப்பார். போனைக் கவிழ்த்து வைக்கவும் முடியாது, அழைப்பு வந்துவிட்டால்? அனுப்பினவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை ஜெயா. அந்த வீடியோ எந்த வீட்டுப் போனில் போய் விழும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா?

ரொஹானா ஒரு கெண்டி நிறைய தே ஓ, பால் இல்லாத டீ, போட்டு எடுத்து வந்திருந்தார். கைக்குழந்தை அவர் மடியில் தூங்கியது. செல்வி குழந்தைத் துணிகளை மடிப்பாள், பிரிப்பாள், திரும்ப மடிப்பாள். எனக்கு வாய் நிற்கவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது, போன் லாக்கரில் இருக்கும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தேன். ரொஹானா கையை நீட்டி என் முழங்கால்மேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் மணியடித்தது ரொஹானாவின் போன். "அல்ஹம்துலில்லா" என்றார், இரண்டு வார்த்தை பேசினார், வைத்துவிட்டார். வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. தன் ஆள் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகும் அதே இடத்தில், அதே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் போனையே பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கூப்பிட்டு செல்வி பேசி முடித்த பிறகுதான் எழுந்து கெண்டியைக் கழுவப் போனார்.

அன்றிரவு ஜெபத்தில் நன்றி சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. பத்து வீட்டில் போன் வேறு மாதிரி மணியடித்திருக்குமே. அந்த வீடுகளில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்?

அப்புறம்தான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நேவி குடும்பங்களுக்கு உதவும் அந்த ஆக்கீஸ் அமைப்புக்காரர்களோடு சேர்ந்து நேவி மனைவிமாருக்கு டீ ஊற்றப் போகிறேன் என்று நீ எழுதியிருந்ததை முதல்முறை படித்தபோது, நாற்பது வருஷம் ஊசி போட்டு ஊரை அழவைத்த நர்ஸ் மிசிக்கு இப்போதுதான் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று இவரிடம் சொல்லிச் சிரித்தேன். இந்த முறை சிரிக்கவில்லை. பேத்தியை உட்காரவைத்து, ஆக்கீஸைத் தொடங்கிய அந்த ஆக்னஸ் வெஸ்டன் அம்மையாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசிக்கச் சொன்னேன்.

அவர் தொடங்கியது டீயில் இல்லை, கடிதத்தில் தொடங்கியிருக்கிறார். உனக்கு இது தெரியுமா? 1868 வாக்கில் வெளிநாடு போகும் ஒரு சிப்பாய்க்கு எழுதியிருக்கிறார். அவன் அதைக் கப்பலில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மாலுமியிடம் காட்டினான். எனக்கும் இப்படி எழுத ஒரு ஆள் இருந்தால் நன்றாயிருக்குமே என்று அவன் ஏங்கியிருக்கிறான். உன் தொழில்காரன் ஜெயா! அவனுக்கும் எழுதினார். அவன் சொல்லி இன்னொருவன், அவன் சொல்லி வேறொருவன். கடைசியில் கையால் எழுதி மாளாமல் மாதக் கடிதமாக அச்சடித்து அனுப்ப வேண்டியதாயிற்று. 1876இல் தோழி சோபியா வின்ட்ஸோடு சேர்ந்து உன் பிளிமத்தின் டெவன்போர்ட்டில், கப்பல்தள வாசலுக்குப் பக்கத்திலேயே விடுதி திறந்தார். காப்பி, சாப்பாடு, சுத்தமான படுக்கை. சாராயம் கிடையாது. சம்பளத்தோடு கரை இறங்குகிறவன் அந்தத் தெருவைத் தாண்டி வீடு போய்ச் சேர்வது எவ்வளவு தூரம் என்று உனக்கும் எனக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடைக்கும் லயத்துக்கும் நடுவில் நம் அம்மாக்கள் போய் நின்றதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

1892இல் விக்டோரியா ராணியே அந்த விடுதிகளுக்கு 'ராயல்' பட்டம் கொடுத்தார். 1918இல் அந்த அம்மையார் இறந்தபோது முழுக் கடற்படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிட்டேன். என்னை நிறுத்தியது வேறு ஒன்று. டெவன்போர்ட் விடுதி 1941இல் குண்டுவீச்சில் போனது என்று பேத்தி வாசித்தாள். அதே வருஷம் டிசம்பர் 10ஆம் தேதிதான் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டு கப்பல்களையும் ஜப்பான்காரன் நம் குவாந்தான் கடலில் மூழ்கடித்தான். 840 பேர். அந்தக் கப்பல்களில் இருந்த மரைன்கள் உன் பிளிமத் பிரிவைச் சேர்ந்தவர்களாம். அப்படியானால் நம் கடலில் செத்தவர்களுக்காக உன் ஊர்ப் பெண்கள் காத்திருந்திருக்கிறார்கள். அப்போது போன் ஏது? தந்திக்காரன் சைக்கிள் எந்த வாசலில் நிற்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். ஹோ மேட்டில் இருக்கும் அந்த நினைவுத் தூண் பக்கம் நீ நடக்கப் போவதாக எழுதுவாயே, அடுத்த முறை போகும்போது எனக்காகவும் ஒரு நிமிஷம் நில்.

சரி, இப்போது என் தலைக்குள் ஓடுவதைச் சொல்கிறேன். இங்கே நேவி குடும்பங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். படைவீரர் குடும்பங்களுக்கான நலச் சங்கம் பாக்கட் இருக்கிறது, செல்வி அதில் சமையல் வகுப்புக்கெல்லாம் போயிருக்கிறாள். ஆனால் மாப்பிள்ளை சபா பக்கம் மாதக்கணக்கில் போய்விடுகிறார். தளத்துக்கு வெளியே வாடகை வீட்டில், ஒரு கைக்குழந்தை, மூன்று வயது டேனி, ராத்திரி காய்ச்சல். ஊரில் எல்லோரும், "அரசாங்க வேலை, பென்சன், உன் மகளுக்கு என்ன குறை?" என்கிறார்கள். நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு வெறுமனே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று போன மாதம்தான் அவள் வாய் திறந்தாள். பெற்றவள் எனக்கே இத்தனை நாள் தெரியவில்லை.

சபையில் பேசினேன். பின்னால் இருக்கும் அறை சனிக்கிழமை காலையில் சும்மாத்தான் கிடக்கிறது. ஒரு பாய், நாலு விளையாட்டுச் சாமான், ஒரு கெண்டி டீ. புருஷன் கடலில் இருக்கும் பெண்கள் யாராயிருந்தாலும் வந்து இரண்டு மணி நேரம் உட்காரட்டும் என்றேன். கமிட்டியில் ஒருவர் துண்டுப் பிரதி கொடுக்கலாமா என்று கேட்டார். இன்னொருவர் அறைக்குக் கரண்டு பில் யார் கட்டுவது என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று முடித்துவிட்டார்கள். அந்த அடுத்த கூட்டம் இன்னும் வரவில்லை.

துண்டுப் பிரதி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இதில் உன் கருத்தும் எனக்கு வேண்டும். வெஸ்டன் அம்மையார் ஜெபக் கூட்டம் நடத்தினார், குடிக்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார், எதையும் ஒளிக்கவில்லை. அது அவர் நாடு, அவர் காலம். இங்கே லூமுட்டில் பெரும்பாலான குடும்பங்கள் மலாய்க் குடும்பங்கள். முஸ்லிம்களிடம் நம் மதத்தைப் பரப்பச் சட்டம் இடம் தராது. சட்டத்தை விடு. ஆள் கடலில் இருக்கும் நேரத்தில், பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் டீயோடு ஒரு தாளையும் நீட்டினால் அவள் டீயையும் குடிக்கமாட்டாள். குடிக்கவும் கூடாது என்பேன் நான். நான் ஏன் வந்தேன் என்று அவளே கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் பாத்திரம் கழுவுவேன். ரொஹானா அன்று எங்களிடம் என்ன கேட்டார்?

அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை மாரியாயிதான் ஞாபகம் வந்தார். முனியம்மா புருஷனைப் பால்மரத்தடியில் பாம்பு கடித்த வருஷம் நினைவிருக்கிறதா? பிள்ளைகளையெல்லாம் தொட்டிலோடு தன் மகளிடம் விட்டுவிட்டு, கிழவி போய் முனியம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு மணியடித்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, எழுந்திருக்கவில்லை. வெற்றிலை இடிப்பாள், வருகிறவர்களுக்கு இடம் விடுவாள். என்ன சொன்னாள் என்று எத்தனை யோசித்தும் எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. உனக்கு வருகிறதா?

அறை கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாது என்று ஒரு காரியம் செய்தோம். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஓரத்தில் எழுதியிருந்தாயே, கடலுக்குப் போகும் அப்பாக்கள் கதை படிப்பதை ஆக்கீஸில் பதிவு செய்து, சத்தமெல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு அனுப்புகிறார்கள் என்று, அதைத்தான். மாப்பிள்ளை இந்த மாதம் கிளம்புவதற்கு முன்னால் அவரைச் சமையலறையில் நிறுத்தி, பாட்டி வடை சுட்ட கதையைப் போனில் சொல்லவைத்தேன். முதலில் வெட்கப்பட்டார். அப்புறம் காக்கா கத்துவதையும் அவரே கத்தினார். பின்னால் ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்கிறது, பரவாயில்லை. இப்போது டேனி அது இல்லாமல் தூங்குவதில்லை. "காக்கா வடையை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை இரண்டு நொடி பேசாமல் இருந்திருக்கிறார். பையன் பதில் சொல்ல இடம் விட்டிருக்கிறார் ஜெயா, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. டேனி படுத்தபடியே, "தூக்கிட்டுப் போயிருச்சு!" என்று கத்துகிறான். உடனே அப்பா குரல், "ஆமா, தூக்கிட்டுப் போயிருச்சு" என்கிறது. செல்வி அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ரொஹானா இதைக் கேட்டுவிட்டு, தன் வீட்டுக்காரரிடம் சாங் கஞ்சில் என்ற மலாய்ச் சருகுமான் கதையைப் பதிவு செய்து வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உன்னிடமிருந்து சில விவரம் வேண்டும், அடுத்த கிறிஸ்துமஸ்வரை காக்கவைக்காதே. கதைக்குச் சத்தம் சேர்ப்பதை அங்கே யார் செய்கிறார்கள், நம் பேத்தி மாதிரிப் பிள்ளைகளே செய்துவிட முடியுமா? புதிதாக வரும் பெண்ணை எப்படிக் கூப்பிட்டு உட்காரவைக்கிறீர்கள்? கெட்ட செய்தி வரும் நாளில் டீ ஊற்றுகிறவர்களுக்கு ஏதாவது சொல்லித்தருகிறார்களா? நான் அன்று பேசிய பேச்சை இனி எந்த வீட்டிலும் பேசக்கூடாது.

ஆகஸ்டில் வருவதாகச் சொன்னாய். டிக்கெட் போட்டாயா, வழக்கம்போல் சும்மா சொன்னாயா? கமிட்டி அறை தந்தாலும் தராவிட்டாலும் ஜூன் முதல் சனிக்கிழமை என் வீட்டு ஐந்தடியில், அதுதான் முன்தாழ்வாரத்தில், பாய் விரித்துவிடுவேன். வருகிற முஸ்லிம் பெண்கள் தயங்காமல் குடிக்கட்டும் என்று பாத்திரம் எல்லாம் புதிதாகவே வாங்கிவிட்டேன், ரொஹானாவே கூட வந்து பார்த்து எடுத்துக் கொடுத்தார். நீ வந்தால் கெண்டி உன் கையில்தான். சர்க்கரையை மட்டும் உங்கள் வெள்ளைக்காரர்கள் மாதிரி கஞ்சத்தனமாகப் போடாதே.

அன்புடன்,
எஸ்தர்